துத்தத்தை விட்டு குளோரினுக்கு: தோட்டத்து நீச்சல்குளம் மாறும்போது வரும் கோளாறுகளும் அதற்கான வழிகளும்

கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் எங்கள் தோட்டம். வீட்டை ஒட்டி எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழத்தில் ஒரு நீச்சல்குளம். ஏறக்குறைய 42,000 லிட்டர் பிடிக்கும். கட்டிய நாளிலிருந்து நான்கு வருஷம் குளோரின் இல்லாமல்தான் ஓட்டினோம். பாசிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), கலங்கலுக்குப் படிகாரம். தென்னையில் குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை கலக்க வாங்கிய துத்தம் எப்போதும் வீட்டில் இருக்கும். அதிலேயே ஒரு பிடி குளத்துக்கும் போகும்.

மாற்ற வைத்தது எங்கள் அப்பாரு தலைமுடி. சின்ன வயதில் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர், எண்பது வயதிலும் விடிகாலையில் இறங்கிவிடுவார். ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்து துவட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தால், நரைமுடி ஓரமெல்லாம் வெளிர்ப்பச்சை. அது செம்பு. துத்தத்தில் கால் பங்கு செம்புதான். எங்கள் குளத்தில் ஒரு கிலோ துத்தம் கொட்டினால் லிட்டருக்கு 6 மில்லிகிராம் செம்பு ஏறும். 0.3 தாண்டினாலே கறை பிடிக்கத் தொடங்கிவிடும். அதோடு துத்தம் பாசியை அடக்குமே தவிர, குளிப்பவர்களிடமிருந்து தண்ணீரில் கலக்கும் கிருமிகளைக் குளோரின் அளவுக்கு வேகமாகக் கொல்லாது. பேரன் பேத்திகள் வாய்க்குள் தண்ணீர் போக விளையாடும் இடத்தில் இதைச் சாதாரணமாக விட முடியவில்லை.

மாற்றிய முதல் மூன்று வாரம் படாத பாடு பட்டோம். அதற்கப்புறம் ஆனைமலையில் மாப்பிள்ளை வீட்டுக் குளத்தையும், கோவையில் பெரியப்பா வீட்டுக் குளத்தையும் மாற்றிக்கொடுத்தேன். மூன்றிலும் பார்த்தது ஒன்றுதான். குளோரின் ஊற்றியதும் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே ஒளிந்திருந்த சங்கதிகள். அதனால் எந்தக் குறி தெரிந்தாலும் முதல் வேலை அளப்பது, அப்புறம்தான் ஊற்றுவது.

கை வைப்பதற்கு முன்

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் குளோரின் மூன்று நான்கு உருவத்தில் கிடைக்கும்: திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), பிளீச்சிங் பவுடர், அதைவிட வலுவான கால்சியம் ஹைப்போ, அப்புறம் டிசிசிஏ 90 (ட்ரைக்குளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) என்னும் குருணையும் மாத்திரையும். இவற்றில் எதையும் எதனோடும் கலக்கக்கூடாது. எங்கள் தோட்டத்தில் டிசிசிஏ அள்ளிய ஈர மக்கையே பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குள் விட்டார்கள். சீறிக்கொண்டு புகை வந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் தப்பித்தோம். பூட்டிய அறையாக இருந்தால் தீப்பிடித்திருக்கவும் கூடும். ஹைப்போவும் பிஎச்சை இறக்க விடும் ஆசிடும் சேர்ந்தால் விஷவாயுதான். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மக்கு வேண்டும், அதுவும் காய்ந்ததாக இருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் எடுத்து அதில் மருந்தைப் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

வாங்கவேண்டிய கிட், டிபிடி என்னும் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் கிட். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வேலை செய்யக்கூடியது எவ்வளவு, செத்துக் கிடப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பிஎச், காரத்தன்மை, கடினத்தன்மை, ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் போய்விடாமல் காக்கும் மருந்து), செம்பு, இரும்பு ஆகியவற்றையும் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். நிற்கவேண்டிய இடம் இது: பிஎச் 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120, கடினத்தன்மை 200 முதல் 400, ஸ்டெபிலைசர் 30 முதல் 40, சுதந்திரக் குளோரின், அதாவது வேலை செய்யக்கூடியது, 2 முதல் 4. பிஎச் தவிர மற்றதெல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. கிட்டில் பிபிஎம் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

செம்பு 0.3-க்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரையாவது இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். செம்புத் தகட்டில் கரண்ட் பாய்ச்சும் கருவி வைத்திருப்பவர்கள் முதலில் அதை நிறுத்த வேண்டும். இறக்கும் தண்ணீர் மீன் வளர்க்கும் குட்டைக்கோ கிணற்றுக்கோ போகக்கூடாது. செம்பு மீனைக் கொன்றுவிடும். வாய்க்கால் ஓரத்துத் தோட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது முழுக் குளத்தையும் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் நேரத்தில் காலிக் குளம், அதிலும் ஃபைபர் குளம், மண்ணை விட்டு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

குளோரின் ஊற்றிய அரை மணியில் தண்ணீர் டீ நிறமாகிறது

ஆனைமலை மாப்பிள்ளை காலங்காலையில் போன் செய்தார். "ஏனுங்க மாமா, குளோரின் போட்டா தண்ணி கண்ணாடியாட்டம் ஆகும்னீங்க, இங்க டீத்தண்ணி ஆயிப்போச்சுங்களே!" அவர் ஊற்றிய அளவில் தப்பே இல்லை. போர் தண்ணீரில் இரும்பு இருந்திருக்கிறது. கரைந்திருக்கும் இரும்புக்கு நிறம் கிடையாது. குளோரின் பட்டதும் துருவாக மாறிக் கண்ணுக்குத் தெரிகிறது.

சந்தேகம் இருந்தால் குளத்தைத் தொடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். வெள்ளை பெயிண்ட் வாளி ஒன்றில் புதிதாகப் பிடித்த போர் தண்ணீரை நிரப்பி, ஒரு ஸ்பூன் ஹைப்போ விட்டு நிழலில் வையுங்கள். முதலில் லேசான மஞ்சள் ஓடும். கொஞ்ச நேரத்தில் செம்மண் கரைத்த மாதிரி வரும். மறுநாள் காலை அடியில் மெல்லிய காவிப் படலம் உட்கார்ந்திருந்தால் அது இரும்பு. அதற்குப் பதிலாகக் கறுப்புத் தூள் இருந்தால் மாங்கனீஸ்.

நிறம் மாறிய குளத்தில் மேலும் மேலும் மருந்து கொட்டவேண்டாம். குளோரினை 2-இல் நிறுத்தி, பம்ப்பை இரவு பகல் ஓட்டுங்கள். ஃபில்டர் கேஜ் வழக்கமான அளவைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு ஃபில்டரைக் கழுவுவது. அடியில் படிந்ததை வேக்யூம் செய்யும்போது வால்வை ஃபில்டர் பக்கம் வைக்காமல் நேரே வெளியேற்றும் பக்கம் வையுங்கள். மாப்பிள்ளை வீட்டில் ஐந்து நாளில் தெளிந்துவிட்டது.

அடுத்த தடவை நிரப்பும்போது நாங்கள் செய்த உபாயம் இது. போர் தண்ணீரை முதலில் மேல்தொட்டியில் ஏற்றி, அங்கேயே ஹைப்போ போட்டு ஒரு ராத்திரி விட்டோம். அடித்தண்ணீரைத் தொடாமல் மேல்தண்ணீரை மட்டும் குழாயில் இறக்கினோம். குழாய் வாயில் பழைய வேட்டியை நாலாக மடித்துக் கட்டினோம். எட்டு மணி நேரத்தில் அந்த வேட்டி செங்கல் நிறமாகிவிட்டது. அவ்வளவும் குளத்துக்குள் போயிருக்கவேண்டியது.

தண்ணீர் பச்சையாக இருக்கிறது

எந்தப் பச்சை என்பதுதான் கேள்வி. கண்ணாடி டம்ளரில் மொண்டு வெள்ளைச் சுவர் எதிரே பிடியுங்கள். நிறம் இருந்தும் அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தால் செம்பு. கலங்கலாக இருந்து, குளத்துச் சுவரில் கை வைத்தால் வழுவழு என்று இருந்தால் பாசி. இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். செம்புப் பச்சைக்குக் குளோரினைக் கூட்டினால் சுவரெல்லாம் கறையாகும். பாசிக்குக் குளோரினைக் கஞ்சமாகப் போட்டால் பாசி அதைத் தின்றுவிட்டு வளரும்.

செம்பு என்றால் ஆசிட் விட்டு பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள். நீச்சல்குளச் சாமான் விற்கும் கடையில் உலோகத்தைப் பிடித்து வைக்கும் திரவம் கேட்டு வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவு விடுங்கள். தண்ணீர் மாற்றமுடிந்தால் அதுதான் மேல். பாசி என்றால் சாயங்காலம் குளோரினை 12-க்கு மேல் ஏற்றுங்கள். எங்கள் குளத்தில் 10 சதவீத ஹைப்போ 420 மில்லி விட்டால் 1 ஏறும், ஆக 12-க்கு ஐந்து லிட்டர். சுவரைத் தேய்த்துவிட்டு, மறுநாள் அளந்து, குறைந்ததை மறுபடி ஊற்றி, தண்ணீர் தெளியும்வரை அந்த அளவிலேயே பிடித்து வைக்கவேண்டும். ஒரே தடவை கொட்டிவிட்டு விட்டுவிட்டால் நான்கு நாளில் பாசி திரும்பும். அளவு 5-க்குக் கீழே வந்தபிறகு யாரும் இறங்கலாம்.

சுவரிலும் படிக்கட்டிலும் கறுப்புத் திட்டு

கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் வந்தால் கறும்பாசி. அசையவே அசையாவிட்டால், நீங்களும் எங்களைப் போல் துத்தக்காரர் என்றால், அது செம்பு. பிஎச் 7.8-ஐத் தாண்டிய தண்ணீரில் குளோரின் விழும்போது கரைந்திருந்த செம்பு கக்கி வெளியே வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் மூன்றாவது படியில் இன்னும் ஒரு உள்ளங்கை அகலத் திட்டு இருக்கிறது. பிஎச்சைச் சரி செய்யாமல் ஊற்றியதற்கு அந்த ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது.

பழுப்புக் கறை என்றால் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறைமேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். வெளுத்தால் இரும்பு. செம்புக்கறை அதற்கு அசையாது. பிஎச்சைத் தாழ்த்தி, மேலே சொன்ன திரவத்தோடு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

காலையில் போட்ட குளோரின் சாயங்காலம் இல்லை

எங்களை ரொம்ப அலைக்கழித்தது இதுதான். தினமும் அரைக் கேன் ஊற்றுவேன், நாலு மணிக்கு அளந்தால் வெறும் தண்ணீர். கடைக்காரர் மருந்து பழசு என்று புதுக் கேன் கொடுத்தார். அதுவும் அப்படியேதான் போனது.

இரண்டு காரணம் இருக்க முடியும்: வெயில் தின்கிறது, அல்லது தண்ணீருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று தின்கிறது. இதைப் பிரிக்க ஒரு ராத்திரி போதும். பொழுது இறங்கியதும் குளோரினை 5-க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் பம்ப் ஓடியபின் அளந்து எழுதுங்கள். மறுநாள் சூரியன் எழும்பும் முன் அதே இடத்தில், முழங்கை ஆழத்தில் தண்ணீர் மொண்டு அளங்கள். 1-க்குள் குறைந்திருந்தால் தண்ணீர் சுத்தம், குற்றவாளி வெயில். அதைவிட அதிகம் போயிருந்தால் உள்ளே பாசியோ அழுக்கோ இருக்கிறது.

எங்களுக்கு வெயில்தான். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் குளோரினில் பெரும்பகுதி போய்விடும். பங்குனி, சித்திரையில் நிழலே இல்லாத எங்கள் குளத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஸ்டெபிலைசர் என்பது சயனூரிக் அமிலம், வெள்ளைக் குருணை. 42,000 லிட்டருக்கு 30 ஏற்ற 1,260 கிராம். அது சட்டென்று கரையாது. ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து, தண்ணீர் உள்ளே வரும் குழாய் முன் தொங்கவிட்டு, அவ்வப்போது பிசைந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலுறை காலி. அந்த வாரத்திலேயே ஹைப்போ செலவு மூன்றில் ஒரு பங்காக இறங்கியது.

ராத்திரியில் போகிறது என்றால் பாசிக்குச் சொன்ன வைத்தியம். அதிலும் அடங்காமல் அரை மணியிலேயே மருந்து காணாமல் போனால் தண்ணீரில் அம்மோனியா இருக்கிறதா என்று பாருங்கள். கோழிப்பண்ணை, மாட்டுக்கொட்டில், சாணக்குழி பக்கத்து ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீரில் இது உண்டு. அம்மோனியா முழுக்கத் தீரும்வரை ஊற்றியது நிற்காது. பல நேரம் வேறு தண்ணீரால் நிரப்புவதே சிக்கனம்.

ஹைப்போ கேனையும் கவனியுங்கள். வெயிலில் வைத்த கேன் சில வாரத்திலேயே வலு இழக்கும். மோட்டார் ரூமுக்கு வெளியே, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வைப்பது நல்லது.

கிட்டில் நிறமே வரவில்லை, ஆனால் மருந்து ஏகமாகப் போட்டிருக்கிறேன்

குளோரின் மிதமிஞ்சி இருந்தால் டிபிடியின் இளஞ்சிவப்பு ஒரு கணம் தோன்றி வெளுத்துவிடும். பார்ப்பவர் பூஜ்யம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். சொட்டு விழும் அந்த நொடியில் கண் எடுக்காமல் பாருங்கள். ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு கேன் குடிநீர் சேர்த்து மறுபடி அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். அதே நேரம் பிஎச் சொட்டு ஊதா நிறம் காட்டினால் நம்பாதீர்கள், அதையும் குளோரின் கெடுத்திருக்கிறது.

குளோரின் 3 காட்டுகிறது, பாசி வந்துகொண்டேயிருக்கிறது

டிசிசிஏ மாத்திரையை மட்டுமே நம்பி ஓட்டுபவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் இது வரும். அந்த மாத்திரைக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது. குளோரின் 10 ஏற்றினால் கூடவே ஸ்டெபிலைசர் 6 ஏறும். குளோரின் தீர்ந்துபோகும், ஸ்டெபிலைசர் தங்கிவிடும். தினம் 2 போட்டால் மாதம் 36. மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். அந்த நிலையில் 3 என்பது பெயருக்குத்தான், பெரும்பகுதி கட்டிப்போட்ட குளோரின். தண்ணீரை இறக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால்தான் ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை, மற்ற நாளுக்கு ஹைப்போ என்று வைத்திருக்கிறேன்.

பெரியப்பா வீட்டில் வேறு சிக்கல். அவர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர், காரத்தன்மை குறைவு. டிசிசிஏ புளிப்புள்ளது. ஒரே வாரத்தில் பிஎச் 6.8-க்கு இறங்கி, டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட் அரிக்க ஆரம்பித்தது. ஆப்பசோடா போட்டுக் காரத்தன்மையை 90-க்கு ஏற்றியதும் நின்றது.

பால் ஊற்றியது போல வெளுத்துக் கலங்கல்

நம் பக்கத்து உப்புத்தண்ணீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம். எங்கள் போரில் கடினத்தன்மை 620 வந்தது. அதில் பிளீச்சிங் பவுடரோ கால்சியம் ஹைப்போவோ போட்டால் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு. பிஎச் 8-ஐத் தொட்டால் கரைய இடமில்லாமல் வெண்பொடியாகி மிதக்கும், டைல்ஸில் நீர்மட்டக் கோட்டோடு ஓடு ஓடாகப் படியும். பிளீச்சிங் பவுடரே வேண்டும் என்றால் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். என்னைக் கேட்டால் உப்புத்தண்ணீர்க் குளத்துக்குத் திரவ ஹைப்போதான்.

கலங்கலுக்கு ஆசிட் விட்டு பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவந்து இரண்டு நாள் ஃபில்டர் ஓட்டினால் போதும். மாடித் தண்ணீரை மழைக்காலத்தில் குளத்துக்குத் திருப்பிவிடுங்கள். மழைத்தண்ணீரில் சுண்ணாம்பே இல்லை. போன ஐப்பசியில் மட்டும் எங்கள் அளவு 620-இலிருந்து 450-க்கு வந்தது.

பிஎச்சை இறக்க இறக்க மறுபடி ஏறுகிறது

புதிதாக நிரப்பிய போர் தண்ணீர் 7.2 காட்டும், இரண்டு நாளில் 8.2-க்குப் போகும். பூமிக்குள் அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறுவதுதான் காரணம். காரத்தன்மை 250, 300 என்று இருந்தால் இது ஓயாது. ஆசிடை எங்கள் அளவுக் குளத்துக்கு ஒரு தடவைக்கு அரை லிட்டர், பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று ஊற்றி, நாலு மணி நேரம் கழித்து அளங்கள். காரத்தன்மை 80 பக்கம் வரும்வரை இப்படியே தொடர்ந்தால் ஏற்றம் தானாக அடங்கும். அலங்கார நீரூற்று ஓடினால் அதுவரை நிறுத்தி வையுங்கள். பிஎச்சை விட்டுவிடாதீர்கள். 7.5-இல் குளோரினில் பாதிதான் கிருமி கொல்லும் வடிவில் இருக்கும், 8-இல் அது கால் பங்குக்கும் கீழே போகும்.

கண் எரிகிறது, குளோரின் நாற்றம் அடிக்கிறது

நாற்றம் வந்தால் குளோரின் ஜாஸ்தி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்த குளோரின்தான் அந்த நெடி. மொத்தக் குளோரினிலிருந்து சுதந்திரக் குளோரினைக் கழியுங்கள். மிச்சம் 0.5-க்கு மேல் இருந்தால், மிச்சத்தைப் போல் பத்து மடங்கு குளோரினைச் சாயங்காலம் ஊற்றி, குளத்தைத் திறந்தே வையுங்கள். பிள்ளைகளை இறங்கும் முன் ஒரு சொம்பு தண்ணீர் மேலுக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதன்பிறகு இந்த நெடி வரவே இல்லை.

ஆடிக் காற்றில் எல்லாம் கெட்டுப்போகிறது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை தென்னம்பாளை உதிரியையும் புழுதியையும் குளத்துக்குள் கொண்டுவந்து கொட்டும். தோட்டத்து மயில்கள் கரையில் நின்று எச்சமிடும், இறகு உதிர்க்கும். அந்த மாதங்களில் குளோரினை 2-க்குப் பதில் 4-இல் வைத்திருக்கிறேன். மேலே மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைக் காலையும் மாலையும் கொட்டுகிறோம். பம்ப் ஆறு மணி நேரத்துக்குப் பதில் பத்து மணி நேரம் ஓடுகிறது. பேக்வாஷ் தண்ணீரை ஒரு தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி, கிட்டில் குளோரின் பூஜ்யம் என்று பார்த்த பின்பு தென்னைக்கு விடுகிறோம், அதுவும் ஒரே மரத்துக்கில்லாமல் வரிசை மாற்றி.